காத்தான்குடிக்கு மேலே

நான் மட்டக்களப்புக்குத் தெற்கே செட்டிபாளையத்தில் பிறந்தவள். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி, நடுவிலுள்ள ஒடுங்கிய நிலத்தில் எங்கள் வீடு. சிறிய உள்நாட்டு விமான நிறுவனம் ஒன்றில் துணை விமானியாகச் சேர்ந்து மூன்றாவது மாதம், மாரி தொடங்கியிருந்த ஒரு நாளில் இது நடந்தது.

எங்களுடையது பன்னிரண்டு பேர் ஏறக்கூடிய ஒற்றை எஞ்சின் விமானம். விமானிகளுக்கும் பயணிகளுக்கும் நடுவே கதவு கிடையாது. முன்வரிசையில் இருப்பவர் கையை நீட்டினால் என் தோளைத் தொடலாம். பணிப்பெண் என்று யாரும் இல்லை. பைகளை நிறுப்பதும், ஆட்களின் எடையைக் கேட்டு யார் எங்கே இருப்பது என்று முடிவு செய்வதும், பெல்ட்டைச் சரி பார்ப்பதும் துணை விமானியின் வேலை. ஊரில் என்னை "பைலட் புள்ள" என்பார்கள். உண்மையில் பாதி நாள் நான் மற்றவர்களின் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டிருந்தேன்.

அன்று கொழும்புக்கு அருகே கட்டுநாயக்காவில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மட்டக்களப்புக்குப் போக வேண்டும். கடைசியாக ஒருவர் ஓடி வந்தார். நாற்பது வயதிருக்கும். தோளில் சிறிய பை மட்டும். காலில் கட்டட வேலைக்காரர் போடுகிற பாரமான சப்பாத்து, அதில் காய்ந்த சீமெந்து. எடை எவ்வளவு என்று கேட்டேன். தெரியாது என்றார். தராசில் ஏறச் சொன்னேன். ஏறி நின்றார். முள் அசையாமல் நிற்கும் வரை நான் அதையே பார்த்துக்கொண்டிருந்ததால் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை.

"தங்கச்சி, எவ்வளவு நேரத்தில போய்ச் சேரும்?" என்று கேட்டார். பேச்சில் முஸ்லிம் என்று தெரிந்தது; அவர்களில் மூத்தவர்களை நாங்கள் நானா, அதாவது அண்ணா, என்போம்.

"ஒரு மணித்தியாலம் நானா. எங்க போறீங்க?"

"காத்தான்குடிக்கு. மகள் மவுத்தாகிட்டா. ஆறு வயசு. காய்ச்சல் எண்டுதான் சென்னாங்க. கட்டார்ல இருந்து நேரா வாறன். றோட்டால போனா பொழுது பட்டிரும். நான் வாற வரைக்கும் வெச்சிரிக்காங்க."

இறந்தவரை அவர்கள் அதிக நேரம் வைத்திருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். தராசிலிருந்து கையைப் பிடித்து இறக்கிவிட்டேன். அவரை முன்வரிசையில் இருத்தினேன். அந்த இருக்கையிலிருந்து முதலில் இறங்கலாம் என்பதைத் தவிர வேறு எதுவும் என்னால் அவருக்குச் செய்ய முடியவில்லை.

கப்டன் அனுபவசாலி, அதிகம் பேசாத மனிதர். என்னை நங்கி என்று கூப்பிடுவார்; சிங்களத்தில் தங்கச்சி என்று அர்த்தம். நான் விஷயத்தைச் சொன்னதும் ஒரு தடவை திரும்பி அந்த மனிதரைப் பார்த்தார். பிறகு மட்டக்களப்புக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு மறுபடி பேசினார். மழை விட்டு விட்டுப் பெய்கிறது, இப்போதைக்கு ஓடுபாதை தெரிகிறது என்றார்கள். வேறு இடத்துக்குத் திரும்ப வேண்டி வந்தால் அதற்கும் போதுமான எரிபொருள் இருந்தது. புறப்பட்டோம்.

மலைநாட்டைத் தாண்டும் வரை மேகத்துக்கு மேலே நல்ல வெயில். பின்னால் யாரோ படம் எடுத்தார்கள். காத்தான்குடிக்காரர் இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்தபடி முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மட்டக்களப்பில் ஓடுபாதைக்கு வழிகாட்டும் பெரிய கருவிகள் ஏதும் இல்லை. குறித்த உயரத்துக்குள் ஓடுபாதை கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அதற்குக் கீழே இறங்கக் கூடாது, மேலே ஏறிவிட வேண்டும். ஓடுபாதையைச் சுற்றி வாவித் தண்ணீர். மழையில் தண்ணீரும் ஆகாயமும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். நாங்கள் இறங்கி வந்தபோது அப்படித்தான் இருந்தது. நான் உயரத்தைச் சொல்லிக்கொண்டே வந்தேன். எல்லை வந்தது. முன்னால் சாம்பல் மட்டும்தான். கப்டன் எஞ்சினை முழு வேகத்துக்குத் தள்ளி விமானத்தைத் தூக்கினார்.

கடல் பக்கமாகச் சுற்றி வந்தபோது மேகத்தில் ஓர் இடைவெளி. கீழே காத்தான்குடி. நெருங்கிக் கிடந்த கூரைகள், பள்ளிவாசல் மினாராக்கள், பிரதான வீதியின் நடுவே வரிசையாக நிற்கிற பேரீச்ச மரங்கள். எல்லாம் நனைந்து, கழுவி வைத்தது போலத் தெளிவாகத் தெரிந்தன.

அவர் எங்கள் இருவருக்கும் நடுவே தலையை நீட்டினார்.

"அந்தா, அதுதான் எங்கட ஊர். அந்தப் பள்ளிக்குப் பின்னால எங்கட வீடு."

இரண்டாம் முறையும் முயன்றோம். முதல் முறையைவிட மோசமாக இருந்தது. கண்ணாடியில் மழை அறைந்தது. மறுபடி மேலே ஏறினோம். மறுபடி அந்த ஊருக்கு மேலால்தான் திரும்பினோம். கப்டன் எரிபொருளைப் பார்த்தார். தெற்கே அம்பாறைப் பக்கத்தில் வானம் தெளிந்திருப்பதாக வானொலியில் சொன்னார்கள். அவர் விமானத்தை அந்தப் பக்கம் திருப்பிவிட்டு, "நங்கி, அவருக்கு நீங்கள் சொல்லுங்கள். உங்கள் பாஷையில் சொன்னால் நல்லது" என்றார்.

நான் திரும்பினேன். அவருடைய முகம் என் முகத்துக்கு மிகக் கிட்ட இருந்தது.

"நானா, இறங்க ஏலாது. அம்பாறைக்குப் போறம். அங்க வான் ஒண்டு பிடிச்சித் தருவம்."

"கீழ தெரியுதே தங்கச்சி."

"ஊர் தெரியுது நானா. ஓடுபாதை தெரியல்ல."

அவர் பின்னால் சாய்ந்து பெல்ட்டை இறுக்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை. முன்னால் இருந்த கருவிகளின் முட்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அந்த நேரத்தில் அதுவும் என் வேலைதான்.

அம்பாறையில் வெயில். நிலம்கூட நனைந்திருக்கவில்லை. வான் வண்டியில் ஏறுவதற்கு முன் அவர் கப்டனிடம் வந்து கையைக் கொடுத்தார். கப்டன் அந்தக் கையை விடாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். நான் என் டெலிபோன் நம்பரைக் கொடுத்து, போய்ச் சேர்ந்ததும் சொல்லச் சொன்னேன்.

அவர் போனில் சொன்னார். வழியில் வயல்களுக்கு நடுவே வெள்ளம் றோட்டை மூடியிருந்ததாம். வானை நிறுத்திவிட்டார்கள். தண்ணீரில் இறங்கி நடந்து, அந்தக் கரையில் நின்ற ஒருவருடைய மோட்டார் சைக்கிளில் ஏறிப் போயிருக்கிறார். போய்ச் சேர்ந்தபோது சனங்கள் மையவாடியிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார்கள்.

"அடக்கிட்டாங்க தங்கச்சி," என்றார். அவ்வளவுதான்.

அடுத்த லீவில் ஊருக்கு வந்தபோது அம்மாவையும் கூட்டிக்கொண்டு காத்தான்குடிக்குப் போனேன். போகலாமா என்று முதலில் அவரிடம் கேட்டேன். வாங்க என்றார். அவருடைய மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தா. என்னைவிடப் பத்து வயது கூட இருக்கலாம். பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டா:

"அண்டைக்கு எங்கட வீட்டுக்கு மேலால ஒரு பிளேன் போச்சு. நல்லாப் பதிஞ்சி போன சத்தம். அது உங்கட பிளேனா?"

"ஓம்."

"புள்ளய எடுக்கப் போறம் எண்டு எல்லாரும் எழும்பிட்டாங்க. அந்த நேரந்தான் சத்தம் கேட்டிச்சு. நான் விடல்ல. அவர் வந்திட்டார், இன்னும் கொஞ்சத்தில வந்திருவார் எண்டன். எல்லாரும் நிண்டாங்க. பொறகு ரெண்டாந்தரமும் கேட்டிச்சு. நான் வாசலுக்குப் போய் நிண்டன்."

அம்மா அவவுடைய கையைப் பிடித்துக்கொண்டா.

"பொறகு சத்தமே இல்ல," என்றா.

நான் அதுவரை அவரை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன். கீழே ஒரு வீடு நிறைய ஆட்கள் எங்கள் எஞ்சின் சத்தத்தை நம்பிக் காத்து நின்றார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. தேத்தண்ணிக் கோப்பையை வைக்க இடம் தேடுபவள் போல அங்கும் இங்கும் பார்த்தேன்.

அவர்தான் பேசினார். "கப்டன் செஞ்சது சரி. மத்த ஆக்களும் இரிந்தாங்கதானே. எனக்கு அது விளங்குது." பிறகு, எனக்கல்ல, நிலத்துக்குச் சொல்வது போல, "விளங்கி என்ன செய்யிற," என்றார்.

பஸ்ஸில் திரும்பி வந்தோம். எங்கள் நிறுத்தத்தில் இறங்கியதும் அம்மா, "நாளைக்கு வேலைக்குப் போவியா?" என்றா. போவேன் என்றேன். போனேன்.

அதன் பிறகு மழை நாட்களில் நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். ஆட்களை நிறுக்கும்போதே, யாராவது மரண வீட்டுக்குப் போகிறீர்களா என்று மெதுவாகக் கேட்பேன். போகிறவர் இருந்தால், இன்று இறங்க முடியாமலும் போகலாம், றோட்டால் போனால் சுணங்கும், ஆனாலும் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று உள்ளதைச் சொல்வேன். அலுவலகத்தில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. கப்டன் தடுக்கவில்லை.

அடுத்த மாரியில் மட்டக்களப்புப் பக்கம் பழுகாமத்து அம்மா ஒருவர் வந்தார். தம்பி மோசம் போய்விட்டாராம், மாலையில் பிரேதத்தை எடுக்கிறார்களாம். நான் சொன்னதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். "நீங்க பொய் சொல்ல மாட்டீங்கதானே மகள்?" என்று கேட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வான் பிடிக்கப் போனார்.

அன்று மட்டக்களப்பில் மழை விட்டிருந்தது. ஓடுபாதை வெகு தூரத்திலேயே தெரிந்தது. கப்டன் கட்டுப்பாட்டை என்னிடம் தந்தார். வாவிக்கு மேலால் இறக்கி, சக்கரம் தொட்டது தெரியாமல் நிறுத்தினேன். பயணிகள் சிலர் கை தட்டினார்கள். நான் இறங்கிப் பைகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா அந்த நேரம் றோட்டில் கால்வாசித் தூரத்திலுள்ள குருணாகலைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார்.