சவர்க்காரம் போட்டுக் கழுவிய பில்டர்

சாய்ந்தமருது ஸுல்பிகாவுக்கு அழுக்கு என்றால் ஆகாது. விறகைக்கூடத் தட்டித் துடைத்துத்தான் அடுப்பில் வைப்பாள். அவள் அரிசி கழுவத் தொடங்கினால், "ஆக்குறதுக்கு அரிசி மிஞ்சுமா புள்ள?" என்று பக்கத்து வீட்டு றுகையா வேலிக்கு மேலால் எட்டிக் கேட்பாள். அப்படிப்பட்டவள் ஒரு நாள் மொறிஸ் மைனர் காருக்கு அடியில் மல்லாந்து படுத்து, கறுத்த ஒயில் முழங்கை வழியே ஒழுக ஒழுக நட்டுக் கழற்றினாள். சும்மா கழற்றுவாளா? காரணம் இருந்தது.

காரணம் அவள் புருஷன் அப்துல் ஸமட். எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே வீடும் வளவும் பெண்ணுக்கு. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அந்த வீட்டில் கட்டில், கதிரை, கிணறு, தென்னை எல்லாமே ஸுல்பிகாவின் வாப்பா அவளுக்குக் கொடுத்தவை. ஸமட் கொண்டு வந்தது ஓர் உடுப்புப் பெட்டி. பிறகு பாடுபட்டு வாங்கியது அந்தப் பழைய மொறிஸ் மைனர். அதை ஹயருக்கு, வாடகைக்கு ஓட்டித்தான் குடும்பம் நடந்தது. "ஸமட்ட காரு வருது" என்று தெருவில் யாராவது சொன்னால் அவர் முதுகு கொஞ்சம் நிமிரும். பெண்சாதிக்காரி இதையெல்லாம் கவனிக்காமல் இருப்பாளா?

எண்பத்தொன்றாம் ஆண்டு அறுவடைக் காலத்தில் சவளக்கடைக்கு ஹயர் போன இடத்தில், வரம்பில் வழுக்கி விழுந்து வலது கையை முறித்துக்கொண்டார் ஸமட். முறிவு வைத்தியர் பத்துப் போட்டுக் கட்டி, கையைக் கழுத்தில் தொங்கவிட்டார். போதாக்குறைக்குக் காரின் என்ஜினுக்குள்ளும் தட்டுகிற சத்தம் தொடங்கியது. ஸமட்டின் தம்பி முகைதீன்பாவாவுக்குக் கார் ஓட்டத் தெரியும். ஸ்டியரிங்குக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. வழமையாகக் காரைத் திருத்துகிற மெக்கானிக், கராஜ் பாஸ், சவூதிக்குப் போய்விட்டார். மற்றக் கராஜின் வாசலில் ட்ரக்டர்கள் வரிசையாக நின்றன. அறுவடை நேரத்தில் காரை யார் திரும்பிப் பார்ப்பார்?

"என்ஜின் முடிஞ்சிது புள்ள," என்றார் ஸமட். மருதமுனைத் தரகர் சாலிஹ் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வந்து, கதைத்து முடித்துக் காரைக் கொண்டுபோவதாக ஏற்பாடாகியிருந்தது. அதைச் சொன்ன நேரத்திலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை. வந்தவர்களிடம் முகம் கொடுத்துக் கதைக்கவும் இல்லை. சொந்த வீட்டில் விருந்தாளி போல ஒதுங்கி ஒதுங்கி இருந்தார். ஸுல்பிகா அவருக்கு முன்னால் போய் நின்றாள்.

"இஞ்சாருங்க, காருக்கு ஒயில் மாத்தி எவ்வளவு காலம்?" என்று கேட்டாள்.

"மாத்தணும் எண்டுதான் இருந்த. ஹயர் ஓடின ஓட்டத்தில விட்டுப்போச்சி."

"ஒயில் மாத்தினா காருக்கு அரை நோய் போயிடும் எண்டு ஊருக்கெல்லாம் சொன்ன ஆள் நீங்கதானே?"

"மாத்துறது ஆரு? இந்தக் கையாலயா?"

"நான் மாத்துறன். நீங்க கதிரையில இருந்து சொல்லித் தாங்க."

ஸமட் சிரித்துவிட்டார். கை முறிந்த பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் கண்டாள். கோபமும் வந்தது, சந்தோசமும் வந்தது.

வளவுக்குள் காரைத் தள்ளி, வேலிப் பக்கம் ஒரு பழைய சீலையை மறைப்புக்குக் கட்டி, வேலை தொடங்கியது. ஸமட் கதிரையில் இருந்து இடது கையால் காட்டக் காட்ட, அவள் ஸ்பானர் பிடித்தாள். அடியில் இருந்த நட்டைக் கழற்றியதும் ஒயில் தாச்சிக்குள் கொட்டியது. றுகையா வந்து, வேலிக் கம்புகளுக்குப் பூசினால் கறையான் வராது என்று அதை அப்படியே தூக்கிக்கொண்டு போனாள். அடுத்தது பில்டர். அது ஒரு இரும்புக் கிண்ணத்துக்குள் இருந்தது. கிண்ணம் என்ஜினோடு சேரும் வாயில் ஒயில் ஒழுகாமல் இருக்க ஒரு றப்பர் வளையம். எல்லாவற்றையும் கழற்றி எடுத்தாள்.

"கடைக்குப் பழைய சாமானைக் கொண்டு போகணும். அதோட வச்சிப் பார்த்துத்தான் தருவாங்க," என்று சொல்லிவிட்டு ஸமட் கண்ணயர்ந்தார்.

அங்கேதான் வந்தது வினை. இந்தக் கறுத்த, நாறுகிற சாமானைக் கல்முனைக் கடையில், நாலு ஆம்பிளைகள் பார்க்க, எப்படி எடுத்து வைக்கிறது? 'ஸமட்ட பொண்டாட்டி துப்புரவில்லாதவள்' என்று சொல்ல மாட்டார்களா? அடுப்பில் தண்ணீர் கொதிக்க வைத்தாள். சோடா போட்டு அவித்தாள். சவர்க்காரமும் தும்பும் போட்டுத் தேய்த்தாள். உடுப்புக் கொடிக்குப் பக்கத்தில் நல்ல வெயிலில் காய வைத்தாள். பிறகு பத்திரிகைத் தாளில் அழகாகச் சுற்றிக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலையில் றுகையாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு கல்முனைக்குப் போனாள்.

"சீலைக் கடையைத் தாண்டிப் போறம் புள்ள," என்றாள் றுகையா.

"தெரியும்."

"உள்ளுக்குப் போக வேணாம். கண்ணாவது ஒருக்காப் பார்க்கட்டுமே."

"வாற நேரம் பாக்கலாம் நட," என்றாள் ஸுல்பிகா. வாய்க்குள் அவள் சாமான் பெயர்களைப் பாடமாக்கிக்கொண்டிருந்தாள்.

வாகன உதிரிப்பாகக் கடையில் நின்ற ஆண்கள் இரண்டு பெண்களைக் கண்டதும் கதையை நிறுத்தி விலகி நின்றார்கள். கடை முதலாளி நல்லரெத்தினம் பெரியநீலாவணைக்காரர், தடித்த கண்ணாடி போட்ட மனிதர். "என்ன தங்கச்சி வேணும்?" என்று கேட்டார்.

"மொறிஸ் மைனருக்கு என்ஜின் ஒயில், ஒயில் பில்டர், பில்டர் கிண்ணத்து வளையம், அடி நட்டுக்குச் செப்பு வாசர்," என்று ஒரே மூச்சில் சொன்னாள்.

மனிதர் சிரிக்கவில்லை. வீட்டில் ஆம்பிளை இல்லையா என்று கேட்கவும் இல்லை. "ஸமட்டுட காருக்கா? அவருக்குக் கை எப்பிடி?" என்றார்.

"சொகமாகி வருது அண்ணன்."

அப்போது கடைகளில் யப்பான் வாகனச் சாமான்கள் வந்து நிறைந்துவிட்ட காலம். இங்கிலீசுக் காருக்கு ஏதாவது வேண்டுமென்றால் ஏணி வைத்து மேல்தட்டில் தேட வேண்டும். நல்லரெத்தினம் ஏறித் தேடி, தூசி படிந்த பெட்டியொன்றில் பில்டரைக் கண்டெடுத்தார். அதோடு இருக்க வேண்டிய வளையம் பெட்டிக்குள் இல்லை. உதிரியாகக் கிடந்த வளையங்களைக் கொட்டி, அவள் கொண்டுவந்ததோடு ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, ஒன்றைத் தெரிந்தெடுத்தார்.

"சரியா இருக்கு. ஆனா தங்கச்சி, பழைய சாமானை இவ்வளவு துப்புரவா நான் கண்டதில்ல."

ஸுல்பிகாவுக்கு உச்சி குளிர்ந்தது. பழைய பில்டரையும் வளையத்தையும் கடையிலேயே விட்டுவிட்டு வந்தாள். வரும்போது சீலைக் கடையும் ஞாபகத்துக்கு வரவில்லை. அதற்காக றுகையா வழி முழுக்க முணுமுணுத்துக்கொண்டு வந்தாள்.

அன்று பின்னேரம் எல்லாவற்றையும் பூட்டினாள். வளையம் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது, இழுத்துப் போட்டாள். புது ஒயிலை ஊற்றினாள். ஸமட் உள்ளே ஏறி இடது கையால் ஸ்டார்ட் செய்தார். என்ஜின் பிடித்ததுதான் தாமதம், கிண்ணத்து வாயால் ஒயில் பீறிட்டு மண்ணில் கொட்டியது. ஸமட் உடனே நிற்பாட்டினார்.

"விடு புள்ள. நாளைக்குச் சாலிஹ் வரட்டும்," என்றார். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தாலாவது ஸுல்பிகா தாங்கியிருப்பாள். மஃரிப் தொழுதுவிட்டு அவள் கையேந்திக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: யா அல்லாஹ், இந்தக் காரை அவருக்கு விட்டுத் தா.

வெள்ளிக்கிழமை காலையில் வாசலில் சைக்கிள் மணி கேட்டது. நல்லரெத்தினம் வியர்க்க விறுவிறுக்க நின்றார். ஸுல்பிகா முக்காட்டை இழுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"ஸமட், நேத்து நான் தந்த வளையம் ஒழுகியிருக்கணுமே?"

"ஒழுகின அண்ணன். ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"கடை பூட்டுற நேரம் உங்கட பழைய வளையத்தைக் கையில எடுத்தன். ஒயில்ல ஊறிக் கிடந்த சாமானில சவர்க்கார வாசம். தங்கச்சி, இதைக் கழுவினீங்களோ?"

ஸுல்பிகாவுக்கு நிலம் பிளந்தால் நல்லது போல இருந்தது. "ஓம் அண்ணன். சோடாத் தண்ணியில அவிச்சி, சவர்க்காரம் போட்டு, வெயில்ல காய வச்ச," என்றாள் மெல்ல.

ஸமட் சிரிக்கத் தொடங்கினார். முறிந்த கை நோக நோகச் சிரித்தார். நல்லரெத்தினமும் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

"அவிச்சா றப்பர் சுருங்கும்தானே. சுருங்கினதோட நான் அளந்து தந்திட்டன். உங்களில பிழையில்ல தங்கச்சி, கடைக்காரன் நான் கவனிச்சிருக்கணும்," என்று சொல்லி, ஒரு வளையத்தையும் கொட்டுப்பட்டதற்கு ஈடாக ஒரு ஒயில் டின்னையும் கொடுத்தார். பிளேன்டீ குடித்துவிட்டு, கடை திறக்க நேரமாயிற்று என்று சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

ஸமட் அவர் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். "இவர் என்னத்துக்குச் சைக்கிள்ல வந்த? இவருக்கிட்டயும் மொறிஸ் மைனர்தானே இரிக்கி," என்றார். வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒயில் துடைத்த பழைய வளையம். "புள்ள, கடையில சரியான அளவு இல்லாம இது அவர்ட காருல இருந்து கழட்டினது."

ஸுல்பிகா வளையத்தைக் கையில் வாங்கிக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். கடைக்காரனுக்குச் சாமானைக் கொடுத்தால் வேலை முடிந்தது. தன் காரை நிறுத்திவிட்டு அடுத்தவன் காரை ஓடவைக்கச் சைக்கிள் மிதித்து வருகிற மனிதனை எங்கே போய்த் தேடுகிறது? "அவருக்கு அல்லாஹ் நல்ல சீவியத்தைக் குடுக்கணும், அவர்ட புள்ளைகளுக்கும் குடுக்கணும்," என்று வாய்விட்டுச் சொன்னாள். கண்ணீர் வந்தது, துடைக்கப் போய் முகமெல்லாம் ஒயில் பட்டது.

வளையம் போய் உட்கார்ந்தது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரத்தில் அந்தத் தட்டுகிற சத்தமும் அடங்கியது. ஸமட் காரை விட்டு இறங்காமல் கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஜும்ஆ முடிந்து தரகர் சாலிஹ் வந்து காரை ஸ்டார்ட் செய்து பார்த்தார். விற்பதா இல்லையா என்று ஸமட் வாய் திறந்து இன்னும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. ஸுல்பிகா கதவுக்குப் பின்னால் காதைக் கொடுத்து நின்றாள்.

"என்ஜின் முடிஞ்சிது எண்டீங்க, பூனைக்குட்டி மாதிரிக் குறுகுறுக்குது. ஆரு பாஸ் பார்த்த?" என்றார் சாலிஹ்.

"புள்ளைகள்ட உம்மா," என்று ஸமட் கதவுப் பக்கம் கை காட்டினார்.

சாலிஹ் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். ஸமட் சிரிக்கவில்லை.

"மெய்யாத்தான் சாலிஹ். ஒயில் மாத்தினது அவட கை. உள்ளுக்கு இரிக்கிற வளையம் நல்லரெத்தினம் அண்ணன்ட. என்ட சாமான் எண்டு விக்கிறதுக்கு இதில என்னட்ட என்ன கிடக்கு?"

சாலிஹ் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வெறுங்கையோடு போனார்.

அன்று கடை பூட்டும் நேரம் முகைதீன்பாவா காரை ஓட்ட, ஸமட் பக்கத்தில் இருந்து கல்முனைக்குப் போனார்கள். நல்லரெத்தினம் வேண்டாம் வேண்டாம் என்று மறுத்தும் விடவில்லை. அவர் சைக்கிளைக் கூரையில் கட்டி, அவரை முன் சீற்றில் ஏற்றிப் பெரியநீலாவணையில் வீட்டு வாசலில் இறக்கினார்கள். கொழும்பிலிருந்து புது வளையம் வந்து அவருடைய கார் ஓடும்வரை அந்த ஹயர் தினமும் நடந்தது. புறப்படுமுன் ஸுல்பிகா ஒவ்வொரு நாளும் காரைக் கழுவி அனுப்பினாள். "வெளிய மட்டும் கழுவு புள்ள," என்று ஸமட் கதிரையில் இருந்து சொல்வார்.