மழை அட்டை

"பருத்தி வெதச்சாச்சும்மா" என்றார் அப்பா போனில். பேசி வைத்ததும், ஊர் இருக்கும் திருச்சுழிப் பக்கத்து வானிலையைப் போனிலேயே தேடிப் பார்த்தேன். ஏழு நாளுக்கும் மஞ்சள் சூரியன்தான் வரிசையாக நின்றது.

அந்த மஞ்சளில் எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியின் மூன்றாம் வகுப்புச் சுவர் மெல்லத் தெரிந்தது. காலையில் பிரார்த்தனை முடிந்ததும் எங்களில் ஒருவர் முறைவைத்து அன்றைய வானிலை அட்டையை ஆணியில் மாட்டவேண்டும். வெயில் அட்டை பல கை பட்டு, எண்ணெய்ப் பிசுக்கேறி வெளுத்திருக்கும். மழை அட்டையை முகர்ந்தால் இன்னும் பசை வாசம் அடிக்கும்.

என் முறை வந்த அன்று மழை அட்டையை மாட்டினேன். டீச்சர் சன்னல் வழியே சுள்ளென்ற வெயிலைப் பார்த்தார்.

"எங்க புள்ள பெய்யுது மழை?"

"அப்பா வெதச்சுட்டாக, டீச்சர்."

யாரும் சிரிக்கவில்லை. எல்லார் வீட்டிலும் விதைத்திருந்தார்கள். டீச்சர் அட்டையைத் தொடாமல் வருகைப் பதிவேட்டை எடுத்தார். மறுநாள் முறைக்காரி செல்வியும் அதைக் கழற்றவில்லை. அதற்கு அடுத்து வந்தவர்களும் கழற்றவில்லை. ஊரெல்லாம் காய்ந்து கிடக்க, எங்கள் வகுப்பில் மட்டும் எட்டு நாள் விடாமல் மழை பெய்தது.

போனில் இருந்த முதல் சூரியனைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.