தண்ணி மாத்திரை

"இருங்க, முழுங்காதீங்க" என்று கணவரின் உள்ளங்கையிலிருந்து மாத்திரையை எடுத்துக்கொண்டு, அதன் அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார் இஸ்திரியக்கா. சளி பிடித்திருப்பது கணவருக்கு. அவரோ பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாத மனிதர். அடுத்த பஸ் வரும் என்று நின்றுவிடுவார். "ஏம்மா, தும்மலுக்குப் போடுற மாத்திரை இது. என்னை எவன் வந்து சோதிக்கப் போறான்?" என்கிறார் பாவமாக. அக்கா சிரிப்பதில்லை. பொடி எழுத்தைக் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் திருப்பித் தருகிறார். தெருமுனை மருந்துக் கடைக்காரருக்கும் இதே பாடுதான். அக்கா படியேறும்போதே அவர் பெருமூச்சு விட்டபடி சொல்லிவிடுவார்: "இதுல தண்ணி மாத்திரை இல்லக்கா. சத்தியமா இல்ல."

அக்காவுக்கு வேலை ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில். தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத கூடம். நீராவி இஸ்திரி இயந்திரத்தின் மிதிகட்டையில் ஒரு கால், தரையில் ஒரு கால் என்று நாள் முழுக்க நிற்க வேண்டும். மனிதர்களை அக்கா துணியை வைத்தே நினைவில் வைத்திருப்பார். மேற்பார்வையாளர் "முழங்கை தேஞ்ச கோட்டு". பக்கத்து வீட்டுக்காரர் "ஒரு பட்டன் மாத்தித் தச்சவரு". பேசிக்கொண்டிருக்கும்போதே எதிரில் நிற்பவரின் காலரை இழுத்துச் சரிசெய்துவிடுவார். முன்பின் தெரியாதவர்கள் ஒரு கணம் திகைத்துப் போவார்கள்.

நாள் முழுக்க நின்ற காலோடு ஏன் நெடுந்தூரம் ஓடுகிறீர்கள் என்று கேட்டால், அக்காவிடம் ஒரே பதில்தான். "நாளெல்லாம் ஒரே இடத்துல நிக்கிறேன். ஓடுனாத்தான் இடம் மாறுது." ஓடும்போதும் கைகள் மேலே எழாது. இடுப்பு உயரத்தில், எதையோ அழுத்தித் தேய்ப்பதுபோல முன்னும் பின்னும் போய்வரும். விடியற்காலையில் ஏரிக்கரையில் கூடி ஓடும் கூட்டத்தில் பல வருடமாக அவருக்குப் பக்கத்தில் ஓடியவர், கேக் கடை நடத்தும் ஒரு பெண்மணி. இரண்டு பேரும் மூச்சிரைக்க மூச்சிரைக்கக் குடும்பக் கதை பேசியே பாதித் தூரத்தைக் கடந்துவிடுவார்கள்.

ஒருநாள் ஹோட்டல் ஊழியர்களுக்கான பரிசோதனையில் அக்காவுக்கு ரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக இருப்பது தெரியவந்தது. டாக்டர் ஒரு மாத்திரை எழுதித் தந்தார். "ஒரே மாத்திரையில ரெண்டு மருந்தும்மா, உங்களுக்கு வசதி." அக்காவும் வசதிதான் என்று நினைத்துக்கொண்டார். அடுத்த பெரிய ஓட்டத்தில் தன் வயதுப் பெண்களில் மூன்றாவதாக வந்தார். ஓட்டம் முடிந்ததும் சிறுநீர்ச் சோதனைக்குக் கூப்பிட்டபோது, தன்னையும் ஒரு ஆளாக மதித்துக் கூப்பிடுகிறார்களே என்று பெருமையாகக்கூட இருந்ததாம். பிரஷர் மாத்திரை போடுகிறேன் என்று கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

சில வாரங்கள் கழித்து வந்த மின்னஞ்சலைக் கணவர்தான் படித்துக் காட்டினார். "ஊக்கமருந்தாம்" என்றவர், நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். "ஊக்கத்துக்கு மருந்து போட்டவளா தினம் வேலை முடிஞ்சு வந்து சோபாவுல செத்தவ மாதிரி விழுற?"

டாக்டருக்கும் புரியவில்லை. "அதுல இருக்கிறது தண்ணி மாத்திரைம்மா. உப்பையும் தண்ணியையும் ஒண்ணுக்குல வெளியேத்தும், அவ்வளவுதான். இதுல ஊக்கம் எங்கேருந்து வரும்?" ஊக்கமருந்துத் தடுப்புக் குழுவிலிருந்து போனில் பேசியவர்தான் விளக்கினார். "வேற மருந்து எடுத்தவங்க, அது சோதனையில தெரியாம இருக்க இதைப் போட்டு சிறுநீரை நீர்த்துப் போக வைப்பாங்கம்மா. அதனால தடை."

"நான் எதையும் மறைக்கலையே தம்பி."

"தெரியுதும்மா. ஆனா விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்." நாள் முழுக்க இதையே பலபேரிடம் சொல்லிச் சலித்த குரல். அக்காவால் அவரைக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

மருத்துவக் காரணத்துக்காக விலக்கு கேட்டு டாக்டர் அந்தக் குழுவுக்கு எழுதினார். தடையில்லாத வேறு மாத்திரைகள் இருக்கும்போது இதைத்தான் தந்தாக வேண்டும் என்பதற்குக் காரணம் போதவில்லை என்று பதில் வந்தது. பெரிய தவறு இல்லை என்பதால் எச்சரிக்கை மட்டும். ஆனால் மூன்றாம் இடம் ரத்து. பதக்கம் நான்காவதாக வந்தவருக்கு. நான்காவதாக வந்தவர் கேக் கடைக்காரர்.

சலவைக்கூடத்தில் கொஞ்ச நாள் "அக்கா, எங்களுக்கும் ஒரு மாத்திரை குடுங்க, ஷிப்ட்டை ஓட்டணும்" என்று கேலி நடந்தது. அது தானாக ஓய்ந்தது. ஏரிக்கரையில்தான் ஓயவில்லை. "ஒண்ணுமில்லாமலா பிடிச்சிருப்பாங்க" என்று யாரோ பின்னால் சொன்னது அக்கா காதில் விழுந்தது. கேக் கடைக்காரர் அதை மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு ஓடும் நேரத்தையே மாற்றிக்கொண்டுவிட்டார்.

இப்போது போடும் மாத்திரைக்குத் தடையில்லை. ஆனால் கால் வீங்குகிறது. வேலை முடிந்து காலுறையைக் கழற்றினால், கணுக்காலைச் சுற்றிக் கயிறு கட்டியதுபோலப் பள்ளம். "போட்டிக்கு ஓடுறதை விட்டா பழைய மாத்திரைக்கே போயிடலாம்" என்கிறார் டாக்டர். அக்கா தலையாட்டிவிட்டு வருகிறார், விடுவதில்லை. கோபமா என்று கேட்டதற்குச் சொன்னார்: "கோவப்படவும் ஒரு தெம்பு வேணுமில்ல."

போன மாதம் நடந்த ஓட்டத்தில் அக்கா கடைசி ஆட்களோடு நடந்தும் ஓடியும் எல்லைக்கோட்டைத் தாண்டினார். வீட்டுக்குப் போய்க் காலைத் தூக்கி வைத்துப் படுத்தால் போதும் என்றிருந்தது. ஓரமாக, அடையாள அட்டை மாட்டிய ஒரு பெண்ணின் பக்கத்தில் கேக் கடைக்காரர் நின்றிருந்தார். முகம் மாவு பூசியதுபோல வெளுத்துக் கிடந்தது. வயதுப் பிரிவில் இடம்பிடித்த அவரைச் சோதனைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். "கூட ஒருத்தரைக் கூட்டிட்டு வரலாம்மா" என்று அந்தப் பெண் சொல்ல, அவர் கூட்டத்தில் யாரையோ தேடினார். கண் அக்காவிடம் வந்து நின்றது.

"அக்கா... போன வாரம் முட்டிக்கு ஊசி போட்டேன். என்ன ஊசின்னு கேக்கல."

சொல்ல அக்காவிடம் எவ்வளவோ இருந்தது. அதையெல்லாம் விட்டுவிட்டு, "எந்த டாக்டர்னு ஞாபகம் இருக்கா?" என்றார்.

"இருக்கு."

"அப்ப அதையும் சொல்லு. தடவுற தைலம் வரைக்கும் எல்லாத்தையும் சொல்லு. வா."

சோதனை அறை பக்கத்திலேயே இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், மேஜை மேல் மூடி திறக்காத தண்ணீர் பாட்டில்கள். ஒரு பாட்டிலை எடுக்க நீண்ட அக்காவின் கை பாதியில் நின்றது. "நீயே பார்த்து எடு. நீயே திற. நாளைக்கு யாரோ எதையோ கலந்தாங்கன்னு பேச்சு வரக் கூடாது" என்றார்.

உடனே சிறுநீர் வந்துவிடும் என்று தோன்றவில்லை. கேக் கடைக்காரருக்கு உதடே காய்ந்து கிடந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே, ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்த கணவர் எட்டிப் பார்த்து, என்ன ஆச்சு என்று கையாலேயே கேட்டார். அக்கா புறங்கையை அசைத்து அவரைப் போகச் சொல்லிவிட்டு, சுவரோரம் கிடந்த நாற்காலியைத் தோழியின் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.