ஒரு பற்றரிக்கு அணைத்த கற்பூரம்

ராக்காயியை எங்கள் முரசுமோட்டையில் யாரும் அக்கா என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பள்ளிக்கூடம் போகிற பொடியளும் ராக்காயி என்றுதான் கூப்பிடும். அவளும் "என்னங்க" என்று திரும்புவாள். தாய் தகப்பன் கலவரத்துக்கு மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து ஓடிவந்து தர்மபுரத்தில் காடு வெட்டி இருந்த சனம். இவள் பிறந்தது, கலியாணம் கட்டினது, சண்டைக்குள் ஓடினது எல்லாம் வன்னிக்குள்தான். ஆனாலும் ஊர் வாயில் அவள் தோட்டக்காட்டாள்.

புருஷன் முத்துலிங்கம் கிணறு வெட்டப் போன இடத்தில் மண் சரிந்து செத்தான். அவன் இருந்த காணியை அவனுடைய அண்ணன் தம்பிமார் பிடித்துக்கொண்டார்கள். ஒரே மகன் ஜனகன் தர்மபுரத்தில் பெண்சாதி வீட்டில் ஒரு அறைக்குள் பிள்ளையோடு இருக்கிறான். அங்கே தாய்க்குப் பாய் விரிக்க இடமில்லை. அதனால் அவள் பத்மாசனி அக்கா வீட்டுக்கு வேலைக்கு வந்தாள். குசினிக்குப் பின்னால் நெல் மூட்டை அடுக்குகிற அறையில் ஒரு மூலை கொடுத்தார்கள். உலகத்தில் அவளுக்கென்று இருந்த இடம் அந்த மூலைதான்.

பத்மாசனி அக்காவுக்கு முழங்கால் ஏலாது, நெஞ்சு வருத்தமும் இருக்கிறது. மகள் பிரியந்தினி கனடாவில். எங்கள் பக்கம் வீட்டுக்குள் கைப்போனுக்குச் சிக்னல் இழுக்காது. தாய்க்கு ஏதும் நடந்தால் தெரியவேண்டும் என்று மகள் வீட்டுக்கு வயர் போன் எடுத்துக் கொடுத்தாள். சுவரில் ஒரு பெட்டி, பக்கத்தில் இன்னொரு பெட்டிக்குள் பற்றரி. அதைப் பூட்டிக் கொடுக்க வந்த கொம்பனிப் பொடியன் சொன்னது ஒரு வசனம்: "கரண்ட் போனாலும் போன் வேலை செய்யும், அம்மா."

அக்கா அதை வேறு மாதிரி விளங்கிக்கொண்டா. பற்றரி இருக்கிற சாமானுக்குக் கரண்ட் எதற்கு என்பது அவவின் கணக்கு. மாரி காலத்தில் எங்கள் பக்கம் பின்னேரம் ஆனால் இடி. ஒருமுறை பக்கத்து வளவில் மின்னல் விழுந்து ரீவி கருகினதை அவ மறக்கவில்லை. ஆகவே இருட்டினால் எல்லாப் பிளக்கையும் கழற்றவேண்டும், விடியத்தான் போடவேண்டும் என்று ராக்காயிக்குக் கட்டளை. ஒருநாள் மறந்ததற்கு அகப்பைக் காம்பால் முழங்கையில் அடித்தா. பிறகு அவள் மறந்ததில்லை.

ஒரு மாரி முடிவதற்கு முதலே பற்றரி செத்தது. பின்னேரம் பிளக்கைக் கழற்றிய கையோடு போனும் செத்தது. மகள் காசு அனுப்பிப் புதிது வாங்கிப் போட்டார்கள். அதுவும் அடுத்த மாரி தாண்டவில்லை. புயல் அடித்த நாளில் பிரியந்தினி எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டு, தாய் செத்துப்போனா என்று நினைத்து, அவவை ஓட்டோவில் ஏற்றி இறக்குகிற எனக்கு எடுத்து அழுதாள். நான் போய்ப் பார்த்தபோது அக்கா கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தா.

பயம் தெளிந்ததும் மகளுக்குக் கோபம் வந்தது. புதுப் பற்றரி இவ்வளவு கெதியாகச் சாகாது, ஆரோ அதை எடுத்துக்கொண்டு பழசை மாற்றி வைத்துவிட்டார்கள் என்றாள். வீட்டில் ஆர் இருக்கிறது என்று கேட்டாள். அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை.

ஜனகன் கூலிக்கு வயலுக்கு மருந்தடிக்கிறவன். முதுகில் போடுகிற அந்த மெசினுக்கும் ஒரு பற்றரி. அதே அளவு, அதே கறுப்புப் பெட்டி. அக்காவுக்கு அது போதும். அவனை மெசினோடு கூப்பிட்டு முற்றத்தில் வைத்துக் கழற்றுவித்தா. அவன் கிளிநொச்சிக் கடையில் வாங்கினது என்று சொன்னான். அக்கா அந்தப் பற்றரியை எடுத்துப் போன் பெட்டிக்குள் போடச் சொன்னா. பச்சை லைற் எரிந்தது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தார்கள். எரிந்தபடியே நின்றது.

"பாத்தியளே," என்று அவ எங்களைப் பார்த்துச் சொன்னா. "என்ர பற்றரி தன்ர வீட்டைக் கண்டு சிரிக்குது."

மருந்தடிக்கிற பற்றரி நன்றாக இருந்தால் எந்தப் பெட்டியிலும் வேலை செய்யும். அங்கே நின்ற ஒருவருக்கும் அது தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அக்காவுக்கு முன்னால் ஆர் சொல்லப்போகிறது?

"நான் எடுக்கலைங்கம்மா," என்றாள் ராக்காயி.

"அப்ப வைரவர் கோவில்ல சொல்லு."

மறுநாள் காலை சூலத்துக்கு முன்னால் வெற்றிலையில் கற்பூரம் வைத்துக் கொளுத்தினார்கள். ஒரு கட்டி போதும். அக்கா கற்பூரப் பெட்டியோடு கவிழ்த்துவிட்டா. எடுத்திருந்தால் பேரப்பிள்ளைக்கு ஆகாது என்று பிள்ளையின் பேரைச் சொல்லித்தான் சத்தியம் பண்ணவேண்டும் என்றும் சொன்னா. ராக்காயி சொன்னாள். சொல்லிவிட்டு உள்ளங்கையை வைத்து அணைத்தாள். அணைய நேரமெடுத்தது. கை எடுத்தபோது தோல் வெற்றிலையோடு போனது.

திரும்பி வரும்போது அக்கா என் ஓட்டோவுக்குள் இருந்து சொன்னா: "உதுகளுக்குச் சாமிப் பயமும் இல்லை."

ஆனாலும் அவளை வேலையால் நிற்பாட்டவில்லை. வேறு ஆர் குளிப்பாட்டுவது? கள்ளி என்று தெரிந்த வேலைக்காரியால் வசதியும் உண்டு. அவளுக்குக் கொடுக்கிற பின்னேரத் தேத்தண்ணி நின்றது. படலை தாண்ட முதல் பையைக் கவிழ்த்துக் காட்டவேண்டும். புண் ஆறாத கையால் அவள் பானை தேய்த்தாள். ஜனகனின் பற்றரி திரும்பப் போகவில்லை. அவன் மருந்தடிக்கிற வேலையை விட்டு மண் அள்ளப் போனான். ராக்காயி விடியப் பிளக்கைப் போட்டாள், பொழுதுபடக் கழற்றினாள். மூலை இருந்தது, பாய் இருந்தது.

அடுத்த மாரி வந்தது. ஜனகனின் பற்றரியும் செத்தது.

இந்தமுறை மகள் கொம்பனியில் சொல்லி ஆள் அனுப்பினாள். சஜீவன் என்ற பொடியன், வவுனியாப் பக்கம். பற்றரியைக் கழற்றி மீற்றர் வைத்துப் பார்த்தான். வயரைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான். பெட்டி நல்லாயிருக்கு என்றான். பிறகு சுவர்ப் பிளக்கைப் பார்த்துக் கேட்டான்.

"இதை எப்பவும் போட்டபடியே வைச்சிருப்பியளோ?"

அக்கா பெருமையோடு தன் ஒழுங்கைச் சொன்னா. பொழுதுபட்டால் கழற்றிவிடுவோம், விடியத்தான் போடுவோம், பற்றரி இருக்குத்தானே என்றா.

சஜீவன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்புத்தான் ராக்காயியின் சோற்றில் மண் போட்டது. பற்றரி இருக்கிறது கரண்ட் போற நேரத்துக்கு மட்டும் அம்மா, நீங்கள் ஒவ்வொரு நாளும் அதை அடிமட்டம் வரை வற்றவிட்டால் எந்தப் பற்றரியும் சாகும், மூண்டையும் நீங்கள்தான் கொண்டிருக்கிறியள் என்றான். பகிடியாகத்தான் சொன்னான். புதிதைப் போட்டுவிட்டு, பிளக்கைத் தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

குசினி வாசலில் விளக்குமாற்றோடு நின்ற ராக்காயி எல்லாம் கேட்டாள். அவளுடைய முகத்தில் கோபம் இல்லை. ஒரு வெளிச்சம் வந்தது, அவ்வளவுதான். பத்மாசனி அக்கா அதைக் கண்டா.

மூன்று நாள் அக்கா அவளோடு கதைக்கவில்லை. சோற்றை அவள் வைத்தால் தொடவில்லை. நாலாம் நாள் என்னை ஓட்டோவோடு வரச்சொன்னா. மகளுக்கு அதற்கிடையில் போனில் சொல்லியாகிவிட்டது, ராக்காயி பிளக்கைக் கழற்றிக் கழற்றிப் பற்றரியைப் பழுதாக்கினவள் என்று.

"ஏன் அக்கா, அவள் எடுக்கேல்லை எண்டு இப்ப தெரிஞ்சிட்டுதே," என்றேன்.

"தெரிஞ்சபடியாத்தான்ரா. களவெடுத்தவளெண்டா ஏசி ஏசி வைச்சிருக்கலாம். இனி அவள் அந்தக் கையாலை எனக்குச் சோறு போட, நான் எப்பிடிச் சாப்பிடுறது? கொண்டுபோய் விட்டிட்டு வா."

ராக்காயி கெஞ்சினாள். நான் யாருக்கும் சொல்லமாட்டேன், நான்தான் எடுத்தேன் என்று வேண்டுமென்றாலும் கோவிலில் வந்து சொல்லுகிறேன் என்று காலைப் பிடித்தாள். அக்கா முழங்கால் நோகுது என்று காலை இழுத்துக்கொண்டா.

தர்மபுரத்துக்குப் போகிற வழியில் அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். ஆறுதலுக்கு ஏதும் சொல்லவேண்டும் என்று, கொஞ்சநாளில் கோபம் ஆறக் கூப்பிடுவா, அவவுக்கும் உன்னை விட்டால் ஆள் இல்லை என்றேன்.

"இல்லைங்கண்ணே," என்றாள். "திருடின்னு அனுப்பியிருந்தா ஒரு நாளைக்கு மன்னிச்சுக் கூப்பிடுவாங்க. தப்பு அவங்களோடதுன்னு தெரிஞ்சு அனுப்பியிருக்காங்க. கூப்பிட மாட்டாங்க."

சம்பந்தி வீட்டுப் படலையில் இறக்கிவிட்டேன். ஜனகன் வேலைக்குப் போயிருந்தான். மருமகள் வெளியே வந்து பையைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், பிறகு உள்ளே தாயைக் கூப்பிட்டாள். நான் ஓட்டோவைத் திருப்பும்வரை ராக்காயியை ஒருவரும் உள்ளே வா என்று சொல்லவில்லை.