இடது பக்கத்து டிரம்

பத்து மாடி உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து இரும்பு உத்தரங்களைத் தூக்கி இறக்கிய மனுஷன், வீட்டில் பல்பு மாற்ற ஏறிய ஸ்டூலிலிருந்து விழுந்தார். இதைக் கேட்டுச் சிரிக்காதவர் அந்தத் தெருவில் கிடையாது. அதுவரை கிரேன்காரர் என்று கூப்பிட்டவர்கள் ஸ்டூல்காரர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். மாவுக்கட்டைப் பிரித்த அன்றுதான் சிரிப்பு நின்றது. இடது கை மணிக்கட்டுக்குக் கீழே சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. டம்ளரைப் பிடித்தால் டம்ளர் தரையில் உருண்டது.

கிரேனுக்கு ஒரு கை போதாது. வலது கை கொக்கியை ஏற்றி இறக்க, இடது கை கிரேனின் நீண்ட கரத்தைச் சுற்ற. இடது கை ஒரு நொடி தளர்ந்தால், கீழே வேலை செய்கிறவன் தலைக்கு மேல் உத்தரம் ஆடும். அதனால் கை சரியாகிற வரை கூண்டுப் பக்கமே வரக்கூடாது என்று கம்பெனி சொல்லிவிட்டது. சரியாகாவிட்டால் ஸ்டோரில் உட்கார்ந்து ஆணியும் கையுறையும் எடுத்துக் கொடுக்கிற வேலை. உலகத்தையே மேலே இருந்து பார்த்தவருக்கு ஜன்னல் இல்லாத அறை! நினைத்தாலே அவருக்கு மூச்சு முட்டியது.

வெளியூரில் வேலைக்குப் போன மகள் விட்டுப்போன எலெக்ட்ரானிக் டிரம் செட் ஒன்று அவள் அறையில் பெட்ஷீட் மூடிக் கிடந்தது. பிசியோதெரபி பார்க்கிற பெண் அதைக் கண்டதும் துள்ளிக் குதித்தாள்.

"இதைவிட நல்ல பயிற்சி கிடையாது சார். வலது கைக்கு ஒரு டிரம், இடது கைக்கு ஒரு டிரம். ஆனா ஒண்ணு, கையை மாத்தி அடிக்கவே கூடாது. உங்க வலது கை பெரிய அடாவடி. விட்டா இடது கை வேலையையும் அதுவே பாத்துடும்."

அன்றிலிருந்து தினமும் காலையில் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பாட்டெல்லாம் ஒன்றும் கிடையாது, இடம் வலம் இடம் வலம், அவ்வளவுதான். டிரம்களின் ஒயரெல்லாம் போய்ச் சேருகிற சின்னப் பெட்டி ஒன்று உண்டு. ஒவ்வொரு அடியும் எவ்வளவு பலமாக விழுந்தது என்று அதன் திரையில் ஒரு கோடு எழுந்து காட்டும். ஆரம்பத்தில் வலது கோடு பனைமரம், இடது கோடு புல். மாதங்கள் போகப் போகப் புல் வளர்ந்தது, செடியானது, ஒரு நாள் பனைமரத்துக்குச் சமமாக நின்றது. அன்றைக்கு அவர் மனைவியின் தோளைத் தட்டப் போய், தட்டு கொஞ்சம் பலமாக விழுந்து வாங்கிக்கட்டிக்கொண்டார். கம்பெனி டாக்டரும் திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார், கையைச் சோதித்துப் பார்க்க.

அந்தத் திங்களுக்கு முந்தின வாரம்தான் இடது கோடு படுத்துவிட்டது.

ஒரு நாள் காலையில் உட்கார்ந்து அடித்தார். வலது கோடு ஜம்மென்று எழுந்தது. இடது கோடு பாதி கூட எழவில்லை. ஓங்கி அடித்தார். காதில் 'டம்' என்று வரவேண்டியது 'தொப்' என்று வந்தது. வழக்கமாக அடித்ததும் துள்ளி எழுகிற குச்சி, சேற்றில் குத்தினதுபோல் அப்படியே நின்றது. மணிக்கட்டு மறுபடி செத்துவிட்டதா?

அதற்குப் பிறகு அவர் செய்த வேலையைக் கேளுங்கள். டிரம்முக்குப் பின்னால் இருந்த ஒயரைப் பிடுங்கித் துடைத்து மறுபடி செருகினார். மாற்றமில்லை. வலது டிரம்மின் ஒயரை இடதுக்கும் இடதின் ஒயரை வலதுக்கும் மாற்றிப் பார்த்தார். வலது டிரம் எந்த ஒயரிலும் நன்றாகவே பேசியது, இடது எந்த ஒயரிலும் முனகியது. ஆக, ஒயரில் குற்றமில்லை, பெட்டியிலும் குற்றமில்லை. பெட்டியில் இடது பக்கத்தின் உணர்திறனைக் கூட்டினார். கோடு எழுந்தது. ஆனால் அவர் இருமினாலும் எழுந்தது, நாற்காலி நகர்ந்தாலும் எழுந்தது. 'இது என்னை நானே ஏமாத்திக்கிற வேலை' என்று பழையபடி குறைத்து வைத்தார்.

இவ்வளவும் செய்த மனுஷன், வலது கைக் குச்சியை எடுத்து இடது டிரம்மில் ஒரே ஒரு தட்டுத் தட்டியிருந்தால் தீர்ந்தது கதை! நன்றாகச் சத்தம் வந்தால் கோளாறு கையில். வராவிட்டால் கோளாறு டிரம்மில். சின்னக் குழந்தைக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் தட்டவில்லை. கையை மாற்றக்கூடாது என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாளே என்று ஒரு சாக்கு வைத்துக்கொண்டார். உண்மையில் அவருக்குப் பயம், வேறொன்றுமில்லை.

வாத்தியக் கடையில் ரிப்பேர் பார்க்கிறவருக்குப் போன் போட்டார். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வேற கையால அடிச்சுப் பாத்தீங்களா சார்?" என்றார்.

"பாத்தாச்சு, பாத்தாச்சு," என்று கூசாமல் புளுகினார் கிரேன்காரர்.

"அப்பவும் இப்படித்தான் இருக்கா?"

"லைன் சரியில்ல, அப்புறம் பேசறேன்," என்று போனை வைத்துவிட்டார்.

மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாமலே வெள்ளிக்கிழமை சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, ஸ்டோர் வேலையை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை மதியம் மனைவி தைத்த துணிகளைக் கொடுத்துவிட்டு வரக் கிளம்பினாள். அவள் தையல்காரி. மகள் அறைக்கு அடுத்த அறையில்தான் அவளுடைய மெஷின். அவள் போனதும் வீடு அமைதியானது. அவர் டிரம் முன்னால் உட்கார்ந்தார். எத்தனை நாள்தான் இந்த இழவைத் தள்ளிப்போடுவது என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. ஹெட்ஃபோனை மாட்டினார். வலது கையில் குச்சியைப் பிடித்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு இடது டிரம்மில் ஓங்கி ஒன்று வைத்தார்.

தொப்.

கண்ணைத் திறந்தார். மறுபடி அடித்தார். தொப். மறுபடி. தொப்! அடாவடி வலது கைக்கே பாதிக் கோடுதான். அவர் வாய்விட்டுச் சிரித்தார். போன உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது. இடது கையைத் தூக்கி, ஐந்து விரலையும் விரித்து மடக்கிப் பார்த்து, "உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டேனே, மன்னிச்சுக்கோடா," என்று அதனிடமே சொன்னார். கண்ணில் தண்ணீர் முட்டியது. யாரும் பார்க்காததால் துடைக்கவும் இல்லை.

அப்புறம் ரிப்பேர் வேலை எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா! டிரம்மோடு வந்த சாவியைப் போட்டு விளிம்பு திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார், அதுவும் இடது கையால். வளையம் வந்தது, அடிக்கிற வலைத்தோல் வந்தது. உள்ளே, அடியைக் கேட்டுப் பெட்டிக்குச் சொல்கிற சின்னப் பஞ்சுக் கூம்பு தெரியவேண்டும். தெரியவில்லை. அதற்கு மேலே வட்டமாக ஒரு துணி மெத்தை உட்கார்ந்திருந்தது. கோட் சூட்டின் தோளுக்குள் வைத்துத் தைப்பார்களே, அந்தப் பஞ்சு, இரண்டு மடிப்பு. ஓரமெல்லாம் பிசிறில்லாமல் மடித்து, நெருக்கமாகத் தையல் போட்டிருந்தது. அந்தத் தையலை உலகத்தில் எங்கே பார்த்தாலும் அவருக்கு அடையாளம் தெரியும். அவர் சட்டைக் காலரிலும் அதுதான் இருந்தது.

மனைவி வந்து செருப்பைக் கழற்றும்போது, அந்த மெத்தையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"இது என்ன?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"டிரம்முக்கு லைனிங் தைச்ச ஆளை இப்பத்தான் பாக்கறேன்! என் உயிரே போச்சு தெரியுமா? கைதான் மறுபடி போயிடுச்சுன்னு நெனச்சேன். ஸ்டோர் வேலைக்கே சொல்லிவெச்சுட்டேன்."

அவளுக்கு முகம் வெளுத்தது. பையை அப்படியே கீழே வைத்தாள். "அய்யய்யோ, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீ சொன்னியா?"

"எப்படிங்க சொல்றது? சத்தமா இருக்குன்னு சொன்னா நீங்க அடிக்கறதையே நிறுத்திடுவீங்க. நீங்க பாட்டுக்கு காதுல மாட்டிக்கிட்டு உக்காந்துடறீங்க. இந்தப் பக்கம் சுவர் இடியற சத்தம் எனக்குத்தானே கேக்குது? கத்திரி மேஜையிலிருந்து குதிக்குது. அதான் நீங்க கடைக்குப் போனப்ப உள்ள வெச்சு மூடினேன்."

"சரி, ரெண்டு டிரம் இருக்கே. இடது பக்கத்துக்கு மட்டும் ஏன் வெச்ச?"

"அதுதானே புதுச் சத்தம்," என்றாள் அவள். "மொதல்ல எல்லாம் வலது பக்கம் மட்டும் டொக்குன்னு கேக்கும், அடுத்ததுக்குக் காத்துக்கிட்டே இருப்பேன், ஒண்ணுமே கேக்காது. வலது பக்கத்துக்கு எப்பவோ பழகிட்டேன். கொஞ்ச நாளா உங்க இடது கை போடுது பாருங்க ஒரு போடு, அதைத்தான் தாங்க முடியல."

அவர் அந்த மெத்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் கைக்குப் பலம் போய்விட்டது என்று ஒரு வாரமாக அவரைத் தூங்கவிடாத சாமான், அந்தக் கைக்குப் பலம் வந்துவிட்டது என்பதற்காகத் தைத்தது! அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"கோவமா?" என்றாள் அவள் பயந்துகொண்டே.

"கோவமா! திங்கட்கிழமை டாக்டர்கிட்ட இதைத்தான் காட்டப்போறேன்," என்றவர் மெத்தையைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு போனை எடுத்தார். "சூப்பர்வைசர் சார்? அந்த ஸ்டோர் வேலையை யாருக்காவது குடுத்துடுங்க. ஆமா, நான் மேலதான் வரேன்."

போனை வைத்ததும் உற்சாகம் தாங்காமல், கூடத்தில் இத்தனை மாதமாக எரியாமலே தொங்குகிற பல்பை நிமிர்ந்து பார்த்தார். கை தானாக ஸ்டூலைத் தேடியது.

"அதை மட்டும் தொட்டுடாதீங்க!" என்று கத்திக்கொண்டே அவள் ஓடிவந்து ஸ்டூலைப் பிடுங்கி, தானே ஏறினாள். அவர் இடது கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஸ்டூல் அசையவே இல்லை.