எக்ஸ்டென்ஷன் அக்காவின் மறதி

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் எக்ஸ்டென்ஷன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். லிஃப்டுக்குப் பின்னால் ஜன்னலில்லாத டெலிபோன் அறை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், அழைத்தவர் வார்டின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் விரல் அதன் எக்ஸ்டென்ஷன் எண்ணைத் தட்டிவிடும். கல்யாணமான புதிதில் சேர்ந்த வேலை. மகளைக் கட்டிக்கொடுத்த பிறகும் தொடர்ந்தது. புதுக் கட்டிடங்கள் வந்தன, எண்கள் மாறின. அவள் அசரவில்லை.

புதிதாக வந்த சூப்பர்வைசர் நல்ல மனுஷன். "உங்க வயசுல இவ்வளவு ஞாபகமா! எங்கம்மாவுக்குக் காலையில சாப்பிட்டதே மறந்துடும்க்கா" என்று வாயைப் பிளந்தான். அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் ஞாபகத்துக்கும் வயசு உண்டு என்ற நினைப்பு அன்றைக்குத்தான் அவள் மனசில் விழுந்தது.

ஒரு நாள், பிரசவ வார்டைக் கேட்ட ஒருவரைப் பிணவறைக்கு இணைத்துவிட்டாள். "யாரோட பாடி?" என்று கேட்டிருக்கிறார்கள். மனிதர் அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தார். தாயும் பிள்ளையும் சுகமாகத்தான் இருந்தார்கள். ஆனாலும் ஆஸ்பத்திரி முழுக்க அதே பேச்சு. கொஞ்ச நாள் முன்னால் பக்கத்து நாற்காலியில் வேலை பார்க்கும் சின்னப் பெண் ஆபரேஷன் தியேட்டருக்கு வந்த அழைப்பைக் கேன்டீனுக்குக் கொடுத்தபோது, "என்னம்மா, பசியா?" என்று சிரித்ததோடு விட்டுவிட்டார்கள். இவளைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

சூப்பர்வைசர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வயசாகுதுல்லக்கா... ஒரு தடவை டாக்டரைப் பாத்துடுங்களேன்" என்றான்.

வீட்டில் அவள் கணவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுகிறவர். "நான் பொறந்ததுலேருந்தே இப்படித்தானே" என்பார். அவர் மறந்தால் சுபாவம். இவள் மறந்தால் வியாதி. மகள் தினமும் போன் போட்டு, "அம்மா, கேஸை அணைச்சியா? எதுக்கும் போய்ப் பாத்துட்டு வா" என்பாள். போய்ப் பார்ப்பாள். அணைந்திருக்கும். திரும்பி வந்து உட்கார்ந்ததும், பார்த்தோமா என்றே சந்தேகம் வந்துவிடும்.

கடைசியில் மகளே அழைத்துக்கொண்டு போனாள். அந்த இளம் டாக்டர் மகளிடம்தான் பேசினார். "வயசானவங்களுக்கு வர்ற மறதி நோய் இருக்கான்னு பாக்குற டெஸ்ட் இது. நான் சொல்ற வார்த்தைகளை அம்மா திருப்பிச் சொல்லணும்."

அவர் சொன்னதெல்லாம் காதில் விழுந்தது. உள்ளே ஒன்றும் தங்கவில்லை. போச்சு, மாட்டிக்கிட்டோம் என்ற சத்தம்தான் தலைக்குள் ஓடியது. "பூட்டு..." என்று ஆரம்பித்தவள் அங்கேயே நின்றாள். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

ஸ்கேன் எடுத்தார்கள். அதைப் பார்த்த பெரிய டாக்டரம்மா மகளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, இவளிடம் ஊர்க்கதை பேசினார். பேச்சோடு பேச்சாகச் சில வார்த்தைகளைச் சொல்லி, அப்புறம் கேட்டார். ஒன்று விடாமல் சொன்னாள்.

"உங்க மூளை நல்லாத்தான் இருக்கு. மறந்துடுமோ மறந்துடுமோன்னு பயந்துக்கிட்டே இருந்தா, எது ஞாபகம் நிக்கும் சொல்லுங்க? வேலைக்குப் போங்கம்மா."

போனாள். முதல் அழைப்பு, எலும்பு முறிவுப் பிரிவு. எண் சட்டென்று வந்தது. சரிதானா? கம்ப்யூட்டரில் தேடினாள். சரிதான். அடுத்து ரத்த வங்கி. அதையும் தேடினாள். அதுவும் சரிதான். சரியாக வந்த எதையும் அவளால் நம்ப முடியவில்லை. எதிரே காத்திருக்கும் அழைப்புகளின் விளக்குகள் மினுக்கிக்கொண்டே இருந்தன. "ஹலோ, யாராவது இருக்கீங்களா?" என்று காதுக்குள் யாரோ கத்தினார்கள். பக்கத்துப் பெண் இவளுடைய அழைப்புகளையும் எடுத்துப் பேசினாள். சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்றான். அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பாள்.

ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள். "நானே வேலையை விட்டு நின்னுக்கிறேன் தம்பி."

"டாக்டர் நல்லாயிருக்குன்னுதானேக்கா சொன்னாங்க?"

"அவங்க சொல்லிட்டாங்க. எனக்குத் தோணணுமே."

பஸ் நிறுத்தத்தில் நின்றபோது, யாரும் கேட்காமலே எண்கள் மளமளவென்று வந்தன. கண் பிரிவு, மருந்தகம், குழந்தைகள் வார்டு. ஒன்றுகூடத் தப்பவில்லை. எத்தனையோ வருஷமாக ஏறுகிற பஸ் எதிரே வந்து நின்றது. போர்டைப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள். பிறகு பக்கத்தில் நின்றவரைக் கேட்டாள்.

"இந்த பஸ் எங்க போகுதுங்க?"