குழந்தை வார்டில் ஒரு பஸ் ஹாரன்

தனுஷ்கோடியை மெக்கானிக் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மெக்கானிக் கெட்டுப்போன பிறகு, கூப்பிட்டால் வருவார். தனுஷ்கோடி கூப்பிடும் முன்னாலேயே வந்து, ஜெனரேட்டர் மேல் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு இவருக்கு மேலுக்குச் சரியில்ல" என்பார். சாயங்காலத்துக்குள் அது இருமத் தொடங்கும். அதற்குள் இவர் பாதியைக் கழற்றித் துடைத்து வைத்திருப்பார்.

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தவர். எண்பத்தாறு வாக்கில் ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் ஆஸ்பத்திரி ஜெனரேட்டரைச் சரிபண்ண வந்தார். டாக்டரம்மா அவர் வேலை செய்வதைப் பார்த்துவிட்டு, இங்கேயே இருந்துவிடச் சொன்னார். அன்று முதல் தினமும் பஸ்ஸில் வந்து போனார். ஆபரேஷன் விளக்கு, துணியை ஆவியில் வேகவைக்கிற டிரம், தண்ணீர் மோட்டார் எல்லாம் அவர் பொறுப்பு. நான் குழந்தை வார்டு ஆயா.

வார்டுக்குப் பின்னால், வேப்பமரத்தடியில் ஒரு தகர ஷெட். ஆக்ஸிஜன் சிலிண்டர்கள் அதில்தான் இருக்கும். அங்கிருந்து குழாய் வழியாக, கண்ணாடிப் பெட்டியில் கிடக்கும் குறைமாதப் பிள்ளைகளுக்குக் காற்று வரும். ஷெட்டுக்குள் போகுமுன் தனுஷ்கோடி முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவார். ஆக்ஸிஜன் பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு பட்டால் தீப்பிடிக்குமாம். மில் எண்ணெயில் ஊறிய மனுஷன், அந்த வாசலில் மட்டும் பூசாரி மாதிரி சுத்தம்.

ஒரு சிலிண்டர் தீர்ந்தால் பக்கத்துச் சிலிண்டரைத் திறந்துவிட வேண்டும். அழுத்தம் காட்டுகிற மீட்டரில் முள் சிவப்புக்கு இறங்கியது ஷெட்டுக்குள் போய்ப் பார்த்தால்தான் தெரியும். ஒரு நாள் காலையில் யாரும் பார்க்கவில்லை. பிள்ளையின் உதடு நீலம் பாய்ந்ததை ஞானபாக்கியம் சிஸ்டர் பார்த்துக் கத்தின பிறகுதான் ஓடினோம். அது வ. புதுப்பட்டி வீரணனின் மகன். முன்னே பிறந்தது எதுவும் தங்காமல், உள்ளங்கை அளவுக்கு வந்து சேர்ந்த பிள்ளை. அடுத்த சிலிண்டரைத் திறந்த பிறகுதான் பிள்ளைக்கு நிறம் திரும்பியது.

"இனிமே காத்து கொறைஞ்சா அதுவே நம்மளக் கூப்பிடும்" என்றார் தனுஷ்கோடி. குழாயில் அழுத்தம் இறங்கினால் தானாக வேலை செய்யும் சுவிட்ச் ஒன்றை மதுரையிலிருந்து புதிதாக வரவழைத்து, ஷெட்டிலிருந்து வராந்தாவுக்கு ஒயர் இழுத்தார். ஒயரின் முனையில் மாட்ட, மில்லில் கழித்துப்போட்ட சங்கைக் கேட்டு வாங்கி வந்தார்.

ராஜபாளையத்தில் மில் சைரனைச் சங்கு என்றுதான் சொல்வார்கள். ஒரு சங்குக்கு உலை வைப்பார்கள், அடுத்த சங்குக்கு ஆள் வேலைக்குக் கிளம்பும். சங்கு ஊதாத நாளில்தான் அந்த ஊருக்குக் கவலை. அதே நினைப்பில் மனுஷன், சொந்தக்காரர்கள் பார்க்க வரும் நேரத்தில் வார்டு நடுவில் நின்று சொன்னார்:

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க. இப்ப சங்கு ஊதப் போறேன். யாரும் பயப்பட வேண்டாம்."

ஊதியும்விட்டார்.

வார்டே எழுந்து நின்றது. வீரணன் சட்டையைப் பிடிக்க வந்தார். "ஏலே, எம்பிள்ள மூச்சுக்கு இழுத்துக்கிட்டுக் கெடக்கு. நீ தலைமாட்டுல நின்னு சங்கா ஊதுத?"

"அய்யா, இது மில்லுச் சங்கு."

"எந்தச் சங்கா இருந்தா என்ன? ஆசுபத்திரியில சங்கு ஊதினா அர்த்தம் ஒண்ணுதான். எம்பொண்டாட்டி அழுதா பாரு. நாளைக்கும் இது இங்க இருந்துச்சு, பிள்ளையத் தூக்கிட்டு ஊருக்குப் போயிருவேன்."

பெட்டியை விட்டு எடுத்தால் அந்தப் பிள்ளை வத்திராயிருப்பு வரைக்கும்கூடத் தாங்காது. சங்கைக் கழற்றினாலோ, சிலிண்டர் மறுபடியும் சொல்லாமல் தீரும். டாக்டரம்மா யோசித்துவிட்டு, "காலையில அது இருக்கக் கூடாது தனுஷ்கோடி" என்றார்.

"சங்கக் கழட்டுறேம்மா. ஒயரக் கழட்ட மாட்டேன்."

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "ஏன் தம்பி, மணின்னு சொல்லித் தொலைச்சிருந்தா என்ன?"

"சங்கச் சங்குன்னுதானக்கா சொல்லணும்" என்றார் முறுக்கு குறையாமல்.

மறுநாள், வீட்டு வாசலில் மாட்டுகிற குருவி மணியைக் கொண்டுவந்து மாட்டினார். அது கீச்சுக்கீச்சென்று கத்தியது. ஒருத்தரும் அசையவில்லை. எங்கள் ஜன்னலில் எந்நேரமும் குருவிதான். சிஸ்டர் மருந்தை ஊற்றிக்கொண்டே என்னிடம், "இருளக்கா, அந்தச் சனியன விரட்டுங்க" என்றார். தனுஷ்கோடி அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பி, ஆஸ்பத்திரி கேட் பக்கம் நின்றார். நான் ஷெட்டில் முள்ளைப் பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்தேன். ராஜபாளையம் பஸ் முனையில் திரும்பும்போதே ஹாரன் அடித்தது. வராந்தாவில் படுத்திருந்தவர், பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருந்தவர், அத்தனை பேரும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அது தங்கள் ஊர் பஸ் இல்லை என்று தெரிந்தவர்கள்கூட எழுந்து எட்டிப் பார்த்தார்கள். தனுஷ்கோடி ஏறவில்லை.

"பாத்தீங்களாக்கா? இதுக்கு ஒருத்தரும் அழல."

அடுத்த நாள் ஒரு பழைய பஸ் ஹாரனும் பேட்டரியும் வந்து சேர்ந்தன. கரண்ட் போனாலும் அடிக்கும் என்றார். இந்தத் தடவை வார்டில் நின்று அறிவிப்பெல்லாம் இல்லை. எனக்கும் சிஸ்டருக்கும் டாக்டரம்மாவுக்கும் மட்டும் சொன்னார்.

ஒரு மத்தியானம், சோற்று நேரத்தில், அது அலறியது. சனம் கேட்டைப் பார்த்து ஓடியது. வீரணன் கைகூடக் கழுவாமல் தூக்குவாளியோடு ஓடினார். சிஸ்டர் பிள்ளையிடம் ஓடினார், நான் ஷெட்டுக்கு ஓடினேன். எனக்கு முன்னால் தனுஷ்கோடி அங்கே அடுத்த சிலிண்டரைத் திறந்துவிட்டு, முள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹாரன் அடங்கியது. பிள்ளையின் உதட்டு நிறம் மாறவே இல்லை.

வீரணன் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். "எங்க பஸ்ஸு? வெறும் சத்தந்தான் வந்துச்சு."

"பஸ்ஸு இல்லய்யா. உங்க மகனுக்குக் காத்து கொறைஞ்சது. மாத்தியாச்சு" என்றார் ஷெட்டிலிருந்து வந்த தனுஷ்கோடி.

வீரணன் பெட்டிக்குள் பார்த்தார். மகன் காலை உதைத்துக்கொண்டு கிடந்தான். பிறகு ஹாரனிலிருந்து ஒயர் போகிற வழியெல்லாம் கண்ணை ஓட்டினார்.

"அப்ப இது அந்தச் சங்குதான்?"

"அதே ஒயருதான்."

"இருக்கட்டும்" என்றார் வீரணன். "ஆனா அண்ணாச்சி, சங்குன்னு மட்டும் சொல்லாதீய."

"சரி. ஹாரன்னே சொல்லுதேன்."

பிள்ளை எடை ஏறி, ஊருக்குப் போகிற நாளும் வந்தது. தாயும் பிள்ளையும் வாசலில் நிற்க, வத்திராயிருப்பு பஸ் வந்து ஹாரன் அடித்தது. உள்ளேயிருந்து ஞானபாக்கியம் சிஸ்டர் கையில் மருந்துப் பாட்டிலோடு ஷெட்டைப் பார்த்து ஓடினார். பஸ் படியில் நின்ற வீரணன் விழுந்து விழுந்து சிரித்தார்.

தனுஷ்கோடி சிரிக்கவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி, ஹாரனுக்குப் பின்னால் இருந்த திருகை ஸ்க்ரூடிரைவரால் முடுக்கி முடுக்கி அடித்துப் பார்த்தார். எருமை கத்துகிற மாதிரி ஒரு கட்டைக்குரல் வந்த பிறகுதான் இறங்கினார். தொண்ணூற்றெட்டில் அவர் வேலையை விட்டுப் போகும் வரைக்கும், அந்த ரோட்டில் ஓடிய எந்த பஸ்ஸுக்கும் அந்தக் குரல் இல்லை.